நிறைந்து வரும் வண்டி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தீவனக் கம்பெனி கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து அப்பாவின் மேசையில் சும்மா கிடந்தது. கேட்டேன். "சைட்டுல எழுதறது பத்தலியா அம்மிணி?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சைட்டில் எழுதுவது ஊருக்கு. அதில் பேசுவது அப்பா. நான் அடித்துக் கொடுப்பவள் மட்டும்.

அப்பா கோழித்தீவனம் விற்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நாமக்கல்லைச் சுற்றி இருக்கும் பண்ணைகளுக்கெல்லாம் தினமும் போய் வர வேண்டும். போன வருடம் பழைய பெட்ரோல் வண்டியைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் வாங்கினார். வாங்கியதும் ஆளுக்கு ஆள் கேள்வி கேட்டார்கள். மழையில் சார்ஜ் போடலாமா, நடுவழியில் நின்றால் என்ன செய்வீர்கள் என்று. எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரு வலைத்தளம் இருந்தால் நல்லது என்றார். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு நான்தான் அமைத்தேன். 'தனபாலின் மின்வண்டி' என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா காலை நீட்டி உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். வண்டியோடு வீட்டுக் கதையும் வரும். அம்மா வைத்த கொள்ளுப் பருப்பு, வாசலில் பூனை போட்ட குட்டி, எல்லாம். இன்று கம்பெனியைப் பற்றி ஒன்று சொன்னார். தண்ணீர் குடிக்க ஒரு டம்ளர்கூட வாங்கி வைக்காத முதலாளி, எல்லோரும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்களாம். அதை மட்டும் நான் அடிக்கவில்லை. முதலாளி படித்துவிட்டால் என்ன செய்வது.

மாலையில் வண்டி வந்ததும் ஒயர் மாட்டுவது என் வேலை. போர்டிகோ சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டியிலிருந்து தடித்த ஒயரை இழுத்து வண்டியில் சொருகினால் பச்சை விளக்கு மினுக்கும். நிறைந்துவிட்டால் மினுக்காமல் நிற்கும். சொருகுவதற்கு முன் எவ்வளவு ஓடியது, எத்தனை சதவீதம் மிச்சம் என்று பார்த்து 'இன்றைய ஓட்டம்' பக்கத்தில் ஏற்றுவேன். அதைப் படிப்பதற்கென்றே சிலர் வருகிறார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றும் வண்டி எண்பத்தாறில் வந்தது. ஓடியது நூற்றிருபது கிலோமீட்டர். வாங்கிய புதிதில் இவ்வளவு ஓடினால் பாதிதான் மிஞ்சும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த சமயத்திலிருந்து இப்படி நிறைந்தே வருகிறது. அப்பாவிடம் கேட்டதற்கு, "எல்லாம் ஓட்டற விதம் கண்ணு. காலை மெதுவா வெக்கோணும்" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா சொல்லாமல் நானே ஒரு பதிவு எழுதிப் போட்டேன். 'காலை மெதுவாக வையுங்கள்' என்று தலைப்பு. நான் தனியாக எழுதிய முதல் பதிவு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தென்காசியிலிருந்து சங்கரநயினார் என்பவர் எல்லாப் பதிவுக்கும் கருத்து எழுதுவார். இதே வண்டி வைத்திருக்கிறார். நான் அட்மின் என்று கையெழுத்துப் போடுவதால் என்னை ஆண் என்று நினைத்து 'அட்மின் தம்பி' என்பார். அப்பா அதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பார். "தம்பி, காப்பி கொண்டாங்க" என்பார்.

இன்று அவர் எழுதியிருந்தது: 'அட்மின் தம்பிக்கு. நூற்றிருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு எண்பத்தாறு மிச்சம் என்றால் மலை உச்சியிலிருந்து உருட்டி விட்டிருக்க வேண்டும். ஐயா இடையில் எங்கோ சார்ஜ் போட்டிருக்கிறார். அதுவும் வழியில் இருக்கும் வேக சார்ஜர் இல்லை, அதில் எண்பதுக்கு மேல் யாரும் காத்திருப்பதில்லை. ஒரு வீட்டுப் பிளக்கில் மாட்டிவிட்டு ஆற அமரச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால்தான் இந்தக் கணக்கு வரும். கேட்டுப் பாருங்கள்.'

கருத்துகளை நான் பார்த்து அனுமதித்தால்தான் பக்கத்தில் வரும். இதை அப்படியே வைத்திருக்கிறேன். பெரியவர் ஏதோ தவறாகக் கணக்குப் போட்டிருப்பார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மதியம் மின்சாரக் கணக்கு எடுக்கிற அண்ணன் வந்தார். யார் வந்தாலும் நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அம்மா தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைக் கையில் பிடித்தபடியே வெளியே போனாள்.

"ஏங்க்கா, காரை வித்துப்போட்டீங்களா?"

"இல்லீங்களே. இருக்குதுங்க."

"அட, பில்லு பாதிகூட வரலீங்க்கா. மீட்டரு தூங்குது. வண்டிக்குச் சோறு போடறதில்லையாட்ட இருக்குது."

அவர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவர் போன பிறகும் அம்மா வெளியே நின்றுகொண்டிருந்தாள். ரவிக்கையில் குத்தியிருந்த ஊசி வெயிலில் மின்னியது.

இரவு சாப்பிடும்போது அம்மா சொன்னாள், "பில்லு கம்மியா வந்திருக்குது."

"நல்லதுதானே பூங்கொடி," என்றார் அப்பா.

"நல்லதுதான்," என்றாள் அம்மா. அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அம்மா இன்று மூன்று ரவிக்கை தைத்தாள். பேசவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வண்டி கழுவினேன். பின்பக்கத்தைத் திறந்து தூசி தட்டினேன். அங்கே ஒரு பையில் போர்ட்டபிள் சார்ஜர் இருக்கும், அவசரத்துக்கு எங்கேயாவது மாட்டுவதற்கு. அதன் ஒயரைச் சுருட்டிக் கட்ட அம்மா மிஞ்சிய ரவிக்கைத் துணியில் ஒரு நாடா தைத்துக் கொடுத்திருந்தாள், மாம்பழ மஞ்சள் நிறம். நாடாவைக் காணவில்லை. ஒயர் வட்டமாக அழகாகச் சுருட்டப்பட்டு, தலைக்குப் போடுகிற ரப்பர் பேண்டால் கட்டியிருந்தது. ரோஸ் நிறம். அதில் பட்டாணி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் முயல்.

பண்ணையில் யாராவது குழந்தைகள் விளையாடியிருக்கும். கோழிப் பண்ணைகளில் வேலை செய்கிறவர்களுக்கு நிறையக் குழந்தைகள்.

பையை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அம்மாவை வண்டி துடைக்கக் கூப்பிடவில்லை. வழக்கமாகக் கூப்பிடுவேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அப்பா மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். நான் சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்து ஏசி போட்டேன். மின்சார வண்டியில் நின்ற இடத்திலேயே ஏசி ஓடும், சத்தம் வராது. ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி விட்டேன். இரண்டு மணி நேரம் ஓடியும் ஏழு சதவீதம்தான் குறைந்தது. குறைந்தது இரவு வீட்டில் ஏறும். மீட்டர் ஓடும். அடுத்த முறை அந்த அண்ணன் வரும்போது அம்மாவிடம் எதுவும் கேட்க மாட்டார்.

உள்ளே உட்கார்ந்திருக்கும்போது வெளிச் சத்தம் கேட்கவில்லை என்றால் உள்ளே பேசுவதும் வெளியே கேட்காதுதானே. கொஞ்சம் பேசிப் பார்த்தேன். முதலில் 'உள்ளேன் ஐயா' என்று சொன்னேன்.

பதினொன்றாம் வகுப்பில் இதைச் சொல்ல முடியாமல்தான் பள்ளிக்கூடம் நின்றுபோனது. பெயர் கூப்பிடும்போது சொல்வேன், உதடு அசையும், சத்தம் வராது. வரவில்லை என்று போட்டுவிடுவார்கள். தினமும் போனேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், வருகை மட்டும் ஏறவேயில்லை. அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. திரும்பி வரும் வழியில் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்து, "பேச வேண்டாம் கண்ணு. எழுது. அப்பன் பேசிக்கறேன்" என்றார். அதற்கு அப்புறம்தான் வலைத்தளம்.

வண்டிக்குள் இரண்டாவதாக வேறொன்று சொல்லிப் பார்த்தேன். ஒரு கேள்வி. பாதிதான் வந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

'இன்றைய ஓட்டம்' பக்கத்தில் ஐம்பத்தெட்டு என்று போட்டேன். வண்டி வந்தது எண்பத்தெட்டில்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பா வந்து கண்ணாடியைத் தட்டினார். நான் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தேன், ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங் கண்ணு, இங்க வந்து படுத்திருக்கற? உள்ள புழுக்கமா?"

தலையாட்டினேன். அவர் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்கவில்லை. வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சைட்டுல நம்பரு வேற மாதிரி இருக்குதே" என்றார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்வதுபோல என் தலையில் கையை வைத்து லேசாக ஆட்டினார்.

கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. அப்பாவின் கையில் நல்ல சோப்பு வாசனை. எங்கள் வீட்டில் வேறு சோப்பு.

செப்டம்பர் 22, திங்கள்

தாத்தா வீட்டுக் கொலுவுக்கு இந்த முறை போகவில்லை. நவராத்திரி முடிவதற்குள் கொடுக்க வேண்டிய ரவிக்கைகள் நிறைய இருக்கின்றன என்று அம்மா என்னைப் போனில் சொல்லச் சொன்னாள். நான் போன் பேசமாட்டேன் என்று அவளுக்கே தெரியும். அப்புறம் அவளே பேசினாள். "அவருக்கு ஓட்டம் சாஸ்தி," என்று சொல்வது கேட்டது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை.

காலையில் எழுந்ததும் அம்மா தலைக்குக் குளித்தாள். போன வருடம் வண்டிக்கு முதல் பூஜை, தெருவே வந்து பார்த்தது. அதனால் இந்த வருடமும் நன்றாகச் செய்ய வேண்டும் என்றாள். பொரி, கடலை, அவல், சுண்டல். சந்தனத்தை அவளே குழைத்தாள். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம். திருஷ்டி சுற்றி உடைக்கப் பூசணிக்காய், உள்ளே குங்குமம் போட்டு மூடியது. அப்பா காலையிலேயே கிளம்பிவிட்டார். பண்ணைக்காரர்கள் பொரி வாங்கிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், நாலு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றார்.

வரும்போது ஆறு மணி ஆகிவிட்டது. அம்மா பட்டுச்சேலையில் தட்டோடு வாசலில் நின்றாள். நான் அவள் பின்னால் பூசணிக்காயை வைத்துக்கொண்டு நின்றேன்.

வண்டி உள்ளே வந்தது. முன்பக்கம் கழுவித் துடைத்து, மூன்று பட்டையாகச் சந்தனம் பூசி, ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. அப்பா வைத்தால் கட்டைவிரலால் ஒரே அப்பு. இது மோதிர விரலால் வைத்தது, சின்னதாக, வட்டமாக. செவந்தி மாலை கொஞ்சம் வாடியிருந்தது. கண்ணாடியின் கீழ் மூலையில், பெரியவர்கள் வைக்கமாட்டாத உயரத்தில், இன்னொரு பொட்டு இருந்தது. அதைச் சுற்றிச் சின்ன விரல்கள் இழுத்த சந்தனக் கோடு.

அப்பா இறங்கினார். அம்மாவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"கம்பெனியில எல்லா வண்டிக்கும் போட்டாங்க," என்றார்.

"டம்ளரு வாங்காத கம்பெனி சந்தனம் வாங்கிப்போட்டுதா," என்றாள் அம்மா.

குரல் உயரவில்லை. அப்பா, நம்ம பூஜையையும் போட்டுவிடலாம், சூடத்தைப் பற்ற வை என்றார். அம்மா அசையவில்லை.

"ஒரு வண்டிக்கு ஒரே நாள்ல ரெண்டு வீட்டுப் பூசை ஆகாதுங்க."

தட்டைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். தையல் மிஷினுக்குச் சந்தனம் வைத்தாள், பெரிய கத்திரிக்கும் சின்னக் கத்திரிக்கும் வைத்தாள். என் கணினிக்கு வைத்தாள். சூடம் காட்டிவிட்டு என் நெற்றியில் திருநீறு பூசினாள். நான் தலையை அசைத்துவிட்டேன் போலிருக்கிறது, "சும்மா இரு சிந்து, கண்ணுல விழுந்துரும்" என்றாள்.

பூசணிக்காயை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அது சமையலறையில் இருக்கிறது.

ஒயர் மாட்டப் போனேன். எண்பத்தொன்பது. மாட்டினேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. விடுமுறை. அப்பா பால் வாங்கப் போகலாம் வா என்று என்னை வண்டியில் ஏற்றினார். பால் கடையைத் தாண்டி மோகனூர் சாலையில் போய்க்கொண்டே இருந்தார். இரண்டு பக்கமும் வெற்றிலைக் கொடிக்கால். அப்பா எதையாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பாட்டுப் போட்டார், அப்புறம் நிறுத்தினார்.

"அப்பா, எங்க சார்ஜ் போடறீங்க?"

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். மின்சார வண்டி நின்றுவிட்டால் ஒரு சத்தமும் இருக்காது, அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"ராசிபுரத்துல," என்றார்.

நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முன்னாடி சேலத்துல இருந்தாங்க. ஜூன்லதான் ராசிபுரத்துல வீடு எடுத்தோம்."

"பாப்பா இருக்குதுங்களா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"ஒயர்ல முயல் பேண்டு இருந்துது."

அப்பா ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து அதில் நெற்றியை வைத்துக்கொண்டார். "யூகேஜி படிக்கறா," என்றார்.

யூகேஜி. நான் கணக்குப் போடவில்லை.

"அம்மாளுக்குத் தெரியுமா கண்ணு?"

"கரண்ட்டு பில்லு வந்தன்னைக்கே தெரியுமுங்க."

அதற்கப்புறம் அவர் அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் முன்னால் இருந்த டிஷ்யூ பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "நான் உன்ன விட்டுட்டுப் போகமாட்டங் கண்ணு" என்றார். நான் கேட்டது அது இல்லை. ஆனால் அந்த இரண்டு கேள்விகளுக்குத்தான் என்னிடம் சத்தம் இருந்தது.

திரும்பி வரும்போது பால் வாங்கினோம்.

அக்டோபர் 5, ஞாயிறு

அப்பா இன்று பதிவு எதுவும் சொல்லவில்லை.

காலையிலிருந்து அம்மா அப்பாவின் சட்டைகளை இஸ்திரி போட்டாள். எல்லாச் சட்டைகளையும். பொத்தான் விட்டுப்போன ஒன்றுக்குப் பொத்தான் தைத்தாள். கட்டிலில் இரண்டு அடுக்காக அடுக்கினாள். அப்பா குளித்துவிட்டு வந்து பார்த்தார்.

"என்ன பூங்கொடி இது?"

"இங்கிருந்து போயி அங்க, அங்கிருந்து வந்து இங்க. எத்தன நாளைக்கு வண்டிய ஓட்டுவீங்க. ஒரு பக்கம் இருங்க."

"நான் இங்கதான் இருக்கறேன்."

"நீங்க இங்க இல்லீங்க. வண்டி வந்து நிக்குது, அவ்வளவுதான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தார் போல. அவருக்காக எத்தனை பதிவு எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தையும் வரவில்லை.

ஞாயிறுதோறும் வருகிறேன் என்றார். வலைத்தளத்தை நீயே வைத்துக்கொள் என்றார். சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டியைக் கழற்றவா என்று கேட்டதற்கு அம்மா, "இருக்கட்டும், இஸ்திரிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பிளக்கு வேணும்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றாள்.

பையைப் பின்பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அம்மா உள்ளே இருந்தாள், நான் கேட் வரைக்கும் போனேன். பழைய பெட்ரோல் வண்டியாக இருந்தால் தெருமுனை திரும்பி மெயின் ரோடு ஏறும் வரைக்கும் சத்தம் கேட்கும், இன்னும் இங்கேதான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். இது கேட்டைத் தாண்டியதும் ஒன்றுமே கேட்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

மாலை ஆறு மணிக்கு ஒயரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அம்மா ஜன்னலில் பார்த்தாள், கூப்பிடவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

'எங்களைப் பற்றி' பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. வண்டி வந்த அன்று எடுத்தது. அப்பா நடுவில் நின்று ஒரு கையை அம்மா தோளிலும் ஒரு கையை என் தோளிலும் போட்டிருப்பார். அவரை மட்டும் நீக்க முடியுமா என்று பார்த்தேன். எப்படி வெட்டினாலும் எங்கள் தோளில் அவர் கைகள் மிஞ்சுகின்றன. விட்டுவிட்டேன்.

சங்கரநயினார் எழுதியிருந்தார். 'சில நாட்களாக இன்றைய ஓட்டம் பக்கம் நின்றுவிட்டதே, வீட்டில் எல்லோரும் சுகம்தானே அட்மின் தம்பி?'

ஆகஸ்டில் அவர் எழுதியதை இன்று அனுமதித்தேன். அதன் கீழே பதில் எழுதினேன். 'நீங்கள் போட்ட கணக்கு சரிங்க ஐயா. நான் தம்பி இல்லைங்க, பெண். பெயர் சிந்துஜா.'

அக்டோபர் 10, வெள்ளி

பூசணிக்காய் ஒரு பக்கம் அழுகத் தொடங்கிவிட்டது. அம்மா அதைக் கொண்டுபோய்த் தெருமுனையில் உடைக்காமல் குப்பையில் வைத்துவிட்டு வந்தாள்.

மதியம் அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். வாசலில், "அக்கா, கரண்ட்டுங்க" என்று சத்தம். மிஷின் நின்றது. அம்மா எழுந்திருக்கவில்லை. துணியில் கை வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி கூப்பிட்டார். அம்மா எழுந்திருக்கவில்லை.

நான் போனேன். கதவுக்குப் பின்னால் நிற்காமல் படி இறங்கி மீட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்த அண்ணன் மீட்டரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், காலியாக இருந்த போர்டிகோவைப் பார்த்தார். வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு நிலையாக நின்றது. ஒயரைச் சுருட்டி, அம்மா புதிதாகத் தைத்துக் கொடுத்த நாடாவால் நான் கட்டி வைத்திருந்தேன்.

"ஏம் பாப்பா," என்று சிரித்தார். "இந்தத் தடவை நெசமாலுமே காரை வித்துப்போட்டீங்களா?"

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் அட்டையில் எழுதத் தொடங்கிவிட்டார்.

"அண்ணா," என்றேன். அவர் நிமிர்ந்தார்.

"கார் இருக்குதுங்க. இங்க இல்லீங்க."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பேனாவை மூடி, அட்டையை என் கையில் கொடுத்தார். "சரி பாப்பா, வரட்டுங்களா," என்றார். அப்பா விளையாட்டுக்குச் சொல்வதைத் தவிர, என்னிடம் நேரில் அதுவரை யாரும் வாங்க போங்க என்று பேசியதில்லை. கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

உள்ளே தையல் மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.